300, 210, 160: எத்தனை பேர் வந்தார்கள்?

மாணவர்களே, ஒரு காட்சியைக் கற்பனை செய்துகொள்வோம். சனிக்கிழமை காலை, செபராங் ஜெயாவிலிருந்து ஒரு பேருந்து புறப்படுகிறது. உள்ளே ஓர் இடைநிலைப்பள்ளியின் அறிவியல் கழக மாணவர்கள். 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள பினாங்குப் பாலத்தைக் கடந்து, தீவில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் 'அறிவியல் நாள்' நிகழ்ச்சிக்குப் போகிறார்கள். காலையில் ரோபோட் பட்டறை, மாலையில் வானியல் உரை. நுழைவாயிலில் கைப்பேசியால் கியூ.ஆர். குறியீட்டை வருடச் சொல்கிறார்கள். உள்ளே ஒரு தாளில் கையொப்பம். முடிந்ததும் ஒரு குழுப் படம். மாலையில் வீடு திரும்புகிறார்கள்.

அடுத்த வாரம் பல்கலைக்கழக அலுவலகத்தில் ஒருவர் கேட்கிறார்: "அறிவியல் நாளுக்கு எத்தனை பேர் வந்தார்கள்?"

ஒருவர் இயங்கலைப் பதிவைப் பார்த்து "300" என்கிறார். இன்னொருவர் இரு நிகழ்ச்சிகளின் வாசலிலும் வருடப்பட்ட குறியீடுகளைக் கூட்டி "210" என்கிறார். மூன்றாமவர் பெயர்களை ஒப்பிட்டுப் பார்த்து "160" என்கிறார்.

மூவரில் யாரும் பொய் சொல்லவில்லை. மூவரும் வெவ்வேறு பொருளை எண்ணியிருக்கிறார்கள். 300 என்பது வருவதாகச் சொன்னவர்கள். 210 என்பது வருகைகள். 160 என்பது வந்த மனிதர்கள். பல்கலைக்கழகங்கள் தங்கள் நிகழ்ச்சி நிர்வகிப்பு மென்பொருளை ஏன் மேம்படுத்துகின்றன என்பதைப் புரிந்துகொள்ள இந்த மூன்று எண்களே போதும். நிறமும் பொத்தான்களும் மாறுவது சிறிய வேலை. எதை 'ஒன்று' என்று எண்ணுவது என்று முன்கூட்டியே முடிவு செய்வதுதான் பெரிய வேலை.

ஏன் எண்ண வேண்டும்?

பல்கலைக்கழகத்துக்குப் பாடம் நடத்துவதும் ஆராய்ச்சி செய்வதும் மட்டும் வேலை அல்ல. தன்னிடம் உள்ள அறிவைப் பொதுமக்களிடம் கொண்டு செல்வதும் அதன் கடமை. பொதுச் சொற்பொழிவு, கண்காட்சி, பள்ளி மாணவர்களுக்கான பட்டறை, அருங்காட்சியகம் எல்லாம் இதில் அடங்கும். இதைப் 'பொதுமக்கள் ஈடுபாடு' என்கிறார்கள்.

நம் பினாங்கிலேயே எடுத்துக்காட்டு உண்டு. 1969இல் தொடங்கப்பட்ட மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம், அதாவது யூ.எஸ்.எம்., தீவில் மிண்டன் வளாகத்தில் இயங்குகிறது. பெருநிலத்தில் நிபோங் திபாலில் அதன் பொறியியல் வளாகம் உள்ளது. மிண்டனில் உள்ள துவாங்கு ஃபௌசியா அருங்காட்சியகம் கலையையும் அறிவியலையும் ஒரே கூரையின் கீழ் காட்டுகிறது.

ஐக்கிய நாடுகள் சபை 2015இல் அறிவித்த 17 நிலையான வளர்ச்சி இலக்குகளுக்குப் பல்கலைக்கழகங்கள் எவ்வளவு பங்களிக்கின்றன என்று ஒரு பன்னாட்டுத் தரவரிசை 2019 முதல் வெளிவருகிறது. 2022ஆம் ஆண்டுப் பட்டியலில் 1,400க்கும் மேற்பட்ட உயர்கல்விக் கழகங்கள் இருந்தன. அதில் யூ.எஸ்.எம். உலக அளவில் 4ஆவது இடத்தைப் பெற்றது. கல்வி தொடர்பான இலக்கில் கேட்கப்படும் கேள்விகளில் ஒன்று: பொதுமக்கள் கலந்துகொள்ளக்கூடிய நிகழ்ச்சிகளை நடத்துகிறீர்களா? 'ஆம்' என்று மட்டும் எழுதினால் முழுப் புள்ளி கிடைக்காது. சான்று காட்ட வேண்டும்.

பிரிட்டனில் இது இன்னும் விரிவாக நடக்கிறது. உயர்கல்விப் புள்ளிவிவரங்களைத் திரட்டும் அமைப்பு, அங்குள்ள பல்கலைக்கழகங்களிடம் ஆண்டுதோறும் ஒரு கணக்குக் கேட்கிறது. பொதுச் சொற்பொழிவு, கலை நிகழ்ச்சி, கண்காட்சி, அருங்காட்சியகக் கல்வி என்று வகை வகையாகப் பிரித்து எத்தனை பேர் வந்தார்கள் என்று சொல்ல வேண்டும். இலவசமாக வந்தவர்கள் தனி, கட்டணம் செலுத்தியவர்கள் தனி. அந்த நிகழ்ச்சிகளுக்காகக் கல்விப் பணியாளர்கள் எத்தனை நாள் உழைத்தார்கள் என்பதும் கணக்கில் வர வேண்டும்.

இப்போது ஒரு பழைய மென்பொருளை நினைத்துப் பாருங்கள். நிகழ்ச்சியின் தலைப்பு, நாள், இடம், பேச்சாளர் பெயர் ஆகிய நான்கை மட்டும் அது கேட்கும். அறிவிப்புப் பலகைக்கு இது போதும். ஆனால் ஆண்டு இறுதியில் "இலவச நிகழ்ச்சிகளுக்கு வந்த பொதுமக்கள் எத்தனை பேர்?" என்று கேட்டால் அது விழிக்கும். கேட்கப்படாத தகவல் கணினிக்குள் இருக்காது. அப்புறம் ஒவ்வொரு துறைக்கும் மின்னஞ்சல் அனுப்பி, ஞாபகத்திலிருந்து எண்களைக் கேட்டு வாங்க வேண்டிய நிலை வரும். ஞாபகத்திலிருந்து வரும் எண்கள் பெரும்பாலும் பூஜ்யத்தில் முடிவதைக் கவனித்திருக்கிறீர்களா? 50, 100, 200!

ஒரு நபரா, ஒரு வருகையா?

நம் கற்பனை அறிவியல் நாளுக்குத் திரும்புவோம். ரோபோட் பட்டறைக்கு 120 பேர் வந்தார்கள். வானியல் உரைக்கு 90 பேர். கூட்டினால் 210. ஆனால் 50 பேர் இரண்டுக்கும் வந்தவர்கள். அவர்களை நாம் இரண்டு முறை எண்ணிவிட்டோம்.

படிவம் 4 கணிதத்தில் 'செட்' எனப்படும் கணங்களைப் படித்திருப்பீர்கள். வென் படத்தில் இரு வட்டங்கள் ஒன்றையொன்று வெட்டும் பகுதியே அந்த 50 பேர். ஒரு முறை கழித்துவிட வேண்டும்.

120 + 90 − 50 = 160

வருகை 210, மனிதர்கள் 160. இரண்டுமே பயனுள்ள எண்கள்தாம். எத்தனை நாற்காலி, எத்தனை பொட்டலம் உணவு வேண்டும் என்று திட்டமிட 210 தேவை. எத்தனை பேரை அறிவியல் எட்டியது என்று சொல்ல 160 தேவை. 210 வருகைகளை "210 பேர் பயனடைந்தனர்" என்று எழுதுவதில்தான் தவறு நேர்கிறது.

கணினிக்கு எப்படி அந்த 50 பேரைத் தெரியும்? பெயரை வைத்துக் கண்டுபிடிப்பது கடினம். 'குமார்', 'குமார் த/பெ ராஜு', 'ஆர். குமார்' மூன்றும் ஒருவரா, மூவரா? ஆகவே பதிவு செய்யும் ஒவ்வொருவருக்கும் மென்பொருளே ஓர் எண்ணைக் கொடுக்கிறது. ஒரே எண் இரு அமர்வுகளில் தென்பட்டால், அவர் இரண்டுக்கும் வந்தவர் என்று தெரிந்துவிடும்.

அட்டவணைகளின் உறவு

இந்த வழியின் அடிப்படையை 1970இல் எட்கர் காட் என்ற கணினி அறிவியலாளர் வெளியிட்டார். பிரிட்டனில் பிறந்து அமெரிக்காவில் ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றியவர் அவர். தரவை ஒரே பெரிய பட்டியலாகக் குவிக்காமல், சிறு சிறு அட்டவணைகளாகப் பிரித்து, எண்களால் இணைக்கலாம் என்பது அவர் கருத்து. இதுவே 'தொடர்புசார் தரவுத்தளம்'. இதற்காக 1981இல் கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருதை அவர் பெற்றார்.

அறிவியல் நாளுக்கு நான்கு அட்டவணைகள் போதும்.

முதல் அட்டவணை: நிகழ்ச்சி. அதில் நிகழ்ச்சி எண், பெயர், நடத்தும் துறை, இலவசமா கட்டணமா, யாருக்காக என்ற விவரங்கள்.

இரண்டாவது: அமர்வு. அமர்வு எண், எந்த நிகழ்ச்சியைச் சேர்ந்தது, நாள், நேரம், இடம்.

மூன்றாவது: நபர். நபர் எண், வயதுப் பிரிவு, அஞ்சல் குறியீடு.

நான்காவது: வருகை. எந்த நபர் எண், எந்த அமர்வு எண். அவ்வளவுதான்.

ஒவ்வோர் அட்டவணையிலும் ஒரு வரிசையைத் தனித்துக் காட்டும் எண்ணுக்கு 'முதன்மைச் சாவி' என்று பெயர். பள்ளிப் பதிவேட்டில் உங்களுக்கு உள்ள எண் போன்றது. இரு மாணவர்களுக்கு ஒரே பெயர் இருக்கலாம், ஒரே எண் இருக்கக்கூடாது.

நிகழ்ச்சியையும் அமர்வையும் ஏன் பிரிக்க வேண்டும்? ஒரு துறை ஐந்து நாள் கண்காட்சியை 'ஒரு நிகழ்ச்சி' என்று பதிகிறது. பக்கத்துத் துறை அதே போன்ற கண்காட்சியை ஒவ்வொரு நாளாக 'ஐந்து நிகழ்ச்சிகள்' என்று பதிகிறது. ஆண்டறிக்கையில் இரண்டாவது துறை ஐந்து மடங்கு உழைத்ததாகத் தெரியும்! நிகழ்ச்சி ஒன்று, அமர்வு ஐந்து என்று இருவரும் பதியும்படி மென்பொருளே வழி செய்துவிட்டால், இந்தக் குழப்பம் எழாது.

எழுத்துப் பிழையும் இப்படித்தான். மாநிலத்தின் பெயரை அவரவர் விருப்பப்படி தட்டச்சு செய்ய விட்டால், ஒருவர் 'புலாவ் பினாங்' என்பார், ஒருவர் 'பி. பினாங்' என்பார், ஒருவர் 'பெனாங்' என்பார். நமக்கு மூன்றும் ஒன்று. கணினிக்கு மூன்றும் மூன்று மாநிலங்கள். அதனால்தான் பாரங்களில் ஒரு பட்டியலைக் காட்டி அதிலிருந்து தேர்வு செய்யச் சொல்கிறார்கள்.

பழைய தரவை என்ன செய்வது?

புதிய வீட்டுக்குக் குடிபோகும்போது பழைய சாமான்களை எடுத்துச் செல்வது போல, புதிய மென்பொருளுக்குப் பழைய தரவைக் கொண்டு செல்ல வேண்டும். இதுவே மேம்படுத்தும் வேலையில் மிகவும் சிரமமான கட்டம்.

உலகப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. சுவிட்சர்லாந்தில் ஜெனீவா நகருக்கு அருகே உள்ள செர்ன் துகள் இயற்பியல் ஆய்வகம், தன் கூட்டங்களையும் மாநாடுகளையும் 'இண்டிகோ' என்ற மென்பொருளால் நிர்வகிக்கிறது. 2002இல் ஓர் ஐரோப்பியத் திட்டமாகத் தொடங்கிய இது, 2004 முதல் செர்னில் பயன்பாட்டில் இருக்கிறது. யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம். 2017இல் வெளிவந்த அதன் 2.0 பதிப்புக்காக, அதன் தரவுத்தளமே முழுவதும் மாற்றப்பட்டது. பழைய தரவுத்தளம் பொருள்களை அப்படியே சேமிக்கும் வகை. புதியதோ காட் சொன்ன வழியில் அட்டவணைகளாகச் சேமிக்கும் வகை. கூட்டங்கள் நாள்தோறும் நடந்துகொண்டிருக்கும் இடத்தில் "சில மாதம் மூடிவிடுகிறோம்" என்று சொல்ல முடியாது. ஆகவே மென்பொருளின் பகுதிகளை ஒவ்வொன்றாக, படிப்படியாகப் புதிய தரவுத்தளத்துக்கு மாற்றினார்கள். ஓடும் பேருந்தின் சக்கரத்தை மாற்றுவது போன்ற வேலை!

பழைய தரவில் ஒளிந்திருக்கும் ஒரு பொறியை இப்போது பார்ப்போம். ஒரு பல்கலைக்கழகத்தின் பழைய பதிவேட்டில் 500 நிகழ்ச்சிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவற்றில் 200க்கு மட்டுமே வருகை எண் எழுதப்பட்டுள்ளது. அந்த எண்களின் கூட்டுத்தொகை 16,000. மீதி 300 இடங்கள் காலி.

சராசரி வருகை எவ்வளவு?

காலி இடங்களைப் பூஜ்யம் என்று மென்பொருள் எடுத்துக்கொண்டால்: 16,000 ÷ 500 = 32.

தெரிந்த நிகழ்ச்சிகளை மட்டும் எடுத்துக்கொண்டால்: 16,000 ÷ 200 = 80.

எவ்வளவு பெரிய வேறுபாடு பாருங்கள்! 'யாரும் வரவில்லை' என்பது ஒரு தகவல். 'யாரும் எண்ணவில்லை' என்பது தகவல் இல்லாமை. முன்னதற்கு 0 என்று எழுத வேண்டும். பின்னதற்கு இடத்தைக் காலியாகவே விட்டு, 'தெரியாது' என்று குறிக்க வேண்டும். அறிவியல் ஆய்வுக்கூடத்திலும் இதே விதிதான். வெப்பமானி உடைந்துவிட்டால் வெப்பநிலை 0 பாகை என்று எழுதுவீர்களா?

80 என்ற விடையையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கக்கூடாது. கூட்டம் நன்றாக வந்த நிகழ்ச்சிகளுக்குத்தான் ஆர்வமாக எண்ணி எழுதியிருக்கலாம் அல்லவா? எனவே நேர்மையான அறிக்கை இப்படி இருக்கும்: "500 நிகழ்ச்சிகளில் 200க்கு வருகை விவரம் உள்ளது. அவற்றின் சராசரி 80."

வாசல் இல்லாத இடத்தில்

மண்டபத்துக்கு வாசல் உண்டு, எண்ணிவிடலாம். திறந்த திடலில் தொலைநோக்கி வைத்து நிலாவைக் காட்டினால்? வருவோரும் போவோருமாக இருப்பார்கள். இங்கே மதிப்பீடு செய்யத்தான் முடியும்.

1960களில் அமெரிக்காவின் பெர்க்லி நகரில் இதழியல் கற்பித்த ஹெர்பர்ட் ஜேக்கப்ஸ் ஓர் எளிய வழியைக் கண்டார். அவர் அலுவலகச் சன்னலுக்குக் கீழே மாணவர்கள் திரளும் சதுக்கம் இருந்தது. அதன் தரையில் கட்டம் கட்டமாகக் கோடுகள். சில கட்டங்களில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணி, மொத்தக் கட்டங்களால் பெருக்கினார். தளர்வாக நிற்கும் கூட்டத்தில் ஒருவருக்கு ஏறக்குறைய 1 சதுர மீட்டர் இடம் இருக்கும். நெருக்கமாக நின்றால் ஏறக்குறைய 0.4 சதுர மீட்டர் என்பது அவர் கண்ட அளவு.

20 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் உள்ள திடலின் பரப்பு 300 சதுர மீட்டர். தளர்வாக நின்றால் ஏறக்குறைய 300 பேர். நெருக்கமாக நின்றால் 300 ÷ 0.4 = 750 பேர். அதே திடலில் "ஆயிரக்கணக்கானோர் திரண்டனர்" என்று யாராவது எழுதினால், நீங்கள் பரப்பளவைக் கேட்டுச் சரிபார்க்கலாம்.

மேம்படுத்தப்பட்ட மென்பொருளில் இதற்கும் ஓர் இடம் வேண்டும். வருகை எண்ணுக்குப் பக்கத்தில் 'எப்படிக் கிடைத்தது?' என்று ஒரு கேள்வி: எண்ணப்பட்டது, மதிப்பிடப்பட்டது, பதிவு மட்டும். இந்த ஒரு கேள்வி இருந்தால் 160ஐயும் 300ஐயும் யாரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள்.

"90 விழுக்காட்டினர் பாராட்டினர்"

நிகழ்ச்சி முடிந்ததும் கருத்துப் பாரம் ஒன்று கைப்பேசிக்கு வரும். நம் 160 பேரில் 40 பேர் அதை நிரப்பினார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் 36 பேர் 'மிக நன்று' என்றார்கள். 36 ÷ 40 = 90 விழுக்காடு. அறிக்கையில் "பங்கேற்றோரில் 90 விழுக்காட்டினர் பாராட்டினர்" என்று எழுதலாமா?

எழுதக்கூடாது. பதில் சொன்னவர்களில் 90 விழுக்காடு என்பதே சரி. 160 பேரையும் எடுத்துக்கொண்டால், பாராட்டியதாக நமக்கு உறுதியாகத் தெரிந்தவர்கள் 22.5 விழுக்காட்டினர் மட்டுமே. மீதி 120 பேர் என்ன நினைத்தார்கள்? நமக்குத் தெரியாது. பாதியில் எழுந்து போனவர் பாரத்தை நிரப்பியிருக்க வாய்ப்புக் குறைவு. ஆகவே அறிக்கையில் விழுக்காட்டுடன் எத்தனை பேர் பதில் சொன்னார்கள் என்பதும் வர வேண்டும்.

பாலத்தின் எந்தப் பக்கம்?

இப்போது செபராங் ஜெயா பேருந்துக்கு வருவோம். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பினாங்கு மாநிலத்தில் ஏறக்குறைய 17 லட்சத்து 40 ஆயிரம் பேர் வாழ்கிறார்கள். அவர்களில் பாதிக்கும் அதிகமானோர் தீவில் இல்லை, பெருநிலத்தில் செபராங் பிறையில் இருக்கிறார்கள். தீவில் நடக்கும் ஒரு நிகழ்ச்சிக்கு இவர்கள் வர வேண்டுமானால் பாலத்தையோ கடலையோ கடக்க வேண்டும். பேருந்து வேண்டும், பணம் வேண்டும், அழைத்துப் போக ஆசிரியரோ பெற்றோரோ வேண்டும்.

வெறும் '160 பேர்' என்ற எண் இதைச் சொல்லாது. அஞ்சல் குறியீடு சொல்லும். பினாங்கில் 10, 11 என்று தொடங்கும் குறியீடுகள் தீவைச் சேர்ந்தவை. 12, 13, 14 என்று தொடங்குபவை பெருநிலத்தைச் சேர்ந்தவை. யூ.எஸ்.எம். மிண்டன் வளாகத்தின் குறியீடு 11800. செபராங் ஜெயாவின் குறியீடு 13700.

நம் கற்பனை நிகழ்ச்சிக்கு வந்த 160 பேரின் குறியீடுகளைப் பிரித்துப் பார்த்ததில் 128 பேர் தீவு, 24 பேர் பெருநிலம், 8 பேர் வெளிமாநிலம் என்று வந்தால்? பெருநிலத்தினர் 15 விழுக்காடு மட்டுமே. மாநில மக்களில் பாதிக்கு மேல் வாழும் இடத்திலிருந்து 15 விழுக்காடு! 'பினாங்கு மக்களுக்கான நிகழ்ச்சி' என்று அழைப்பிதழ் சொன்னாலும், உண்மையில் அது தீவு மக்களுக்கான நிகழ்ச்சியாகவே முடிந்திருக்கிறது.

இது தெரிந்த பின்னர் முடிவு எடுக்கலாம். அடுத்த முறை பேருந்து அனுப்பலாம். அல்லது நிகழ்ச்சியையே செபராங் ஜெயாவுக்குக் கொண்டுவரலாம். பினாங்குப் பொது நூலகக் கழகத்தின் தலைமையகமே இங்குதானே இருக்கிறது! பாரத்தில் ஐந்து இலக்கங்களுக்கான ஒரு சிறு பெட்டி இல்லையென்றால், வராதவர்கள் யாருடைய கண்ணிலும் பட மாட்டார்கள்.

எண்ணிக்கையை மட்டும் இலக்காக வைத்தால் இன்னோர் ஆபத்தும் உண்டு. ஓர் அளவுகோலே இலக்காக மாறிவிட்டால் அது நல்ல அளவுகோலாக இருப்பதில்லை. 1975இல் பிரிட்டன் பொருளியலாளர் சார்லஸ் குட்ஹார்ட் சொன்ன கருத்திலிருந்து வளர்ந்த விதி இது. 'அதிகம் பேர்' என்பது மட்டுமே பாராட்டைப் பெறும் என்றால், பக்கத்தில் உள்ள பள்ளியிலிருந்து நான்கு வகுப்புகளை அழைத்து மண்டபத்தை நிரப்புவது எளிது. பாலத்தைக் கடந்து 24 பேரை வரவழைப்பது கடினம். அறிக்கை முதலாவதையே வெற்றி என்று காட்டும்.

எதைக் கேட்கக்கூடாது?

"அப்படியானால் எல்லாவற்றையும் கேட்டுப் பதிந்துவிடலாமே" என்று தோன்றும். அது தவறு.

நம் மைகார்டு அடையாள அட்டை எண்ணில் 12 இலக்கங்கள். முதல் ஆறு, பிறந்த தேதி. அடுத்த இரண்டு, பிறந்த இடம். 07 என்றால் பினாங்கு. கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். ஓர் அறிவியல் நாளின் வருகைத் தாளில் இந்த எண்ணை எழுதச் சொன்னால், உங்கள் பிறந்தநாள் முதல் பால் வரை அனைத்தும் ஒரே வரியில் வெளிப்பட்டுவிடும். அந்தத் தாளை உங்களுக்குப் பின்னால் நிற்பவரும் படிக்கலாம், படமும் எடுக்கலாம்.

மலேசியாவில் 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2013 நவம்பர் 15ஆம் தேதி நடப்புக்கு வந்தது. வணிகப் பரிவர்த்தனைகளுக்காக இயற்றப்பட்ட சட்டம் அது. ஆனால் அதன் கொள்கைகள் எல்லாருக்கும் நல்ல பாடம். எதற்காகக் கேட்கிறோம் என்று முதலில் சொல்ல வேண்டும். சொன்ன காரியத்துக்குத் தேவையானதை மட்டுமே கேட்க வேண்டும். பாதுகாப்பாக வைக்க வேண்டும். தேவை முடிந்ததும் அழித்துவிட வேண்டும்.

நம் கேள்விகள் என்னென்ன? எத்தனை பேர், எந்த வயதினர், எங்கிருந்து. இதற்கு மென்பொருள் தரும் ஓர் எண், '13 முதல் 17 வரை' போன்ற வயதுப் பிரிவு, அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றே போதும். அடையாள அட்டை எண் வேண்டாம். வீட்டு முகவரி வேண்டாம். தேவையற்ற கேள்விகளை நீக்குவதும் மேம்படுத்தும் வேலையின் ஒரு பகுதியே.

செய்து பாருங்கள்

உங்கள் பள்ளியின் ஏதாவது ஒரு கழகம் அடுத்து நடத்தும் நிகழ்ச்சியில் இதைச் சோதிக்கலாம். ஆசிரியரிடம் அனுமதி கேளுங்கள்.

1. நிகழ்ச்சிக்கு முன்பே 'ஒரு வருகை' என்றால் என்ன என்று குழுவாக முடிவு செய்து எழுதி வையுங்கள். கடைசி ஐந்து நிமிடத்துக்கு வந்தவர் கணக்கில் வருவாரா?

2. இருவரை வாசலில் நிறுத்தித் தனித்தனியே எண்ணச் சொல்லுங்கள். முடிவில் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்துப்போகின்றனவா?

3. வருபவர்களுக்கு வரிசை எண் எழுதிய சீட்டு கொடுங்கள். இரண்டாவது அமர்வுக்கும் அதே சீட்டுடன் வரச் சொல்லுங்கள். வருகைகளையும் நபர்களையும் தனித்தனியே கணக்கிடுங்கள்.

4. சீட்டின் பின்புறம் அஞ்சல் குறியீட்டின் முதல் இரண்டு இலக்கங்களை மட்டும் எழுதச் சொல்லுங்கள். பெயர் வேண்டாம். எந்தப் பகுதியிலிருந்து யாரும் வரவில்லை என்று பாருங்கள்.

கணக்கிடுங்கள்

அ. காலை உரைக்கு 75 பேர், மாலைக் கண்காட்சிக்கு 60 பேர், இரண்டுக்கும் வந்தவர்கள் 25 பேர். வருகைகள் எத்தனை? நபர்கள் எத்தனை?

ஆ. 12 நிகழ்ச்சிகளில் 4க்கு வருகை விவரம் இல்லை. மற்ற 8 நிகழ்ச்சிகளின் மொத்த வருகை 640. விவரம் உள்ள நிகழ்ச்சிகளின் சராசரி என்ன?

இ. 40 மீட்டர் நீளமும் 25 மீட்டர் அகலமும் உள்ள திடல். பாதிப் பகுதியில் கூட்டம் தளர்வாகவும் பாதிப் பகுதியில் நெருக்கமாகவும் நிற்கிறது. ஜேக்கப்ஸ் வழியில் மதிப்பிடுங்கள்.

அடுத்த முறை ஒரு நிகழ்ச்சிக்குச் சென்று கியூ.ஆர். குறியீட்டை வருடும்போது, அந்தப் பாரம் உங்களிடம் என்ன கேட்கிறது, எதற்காகக் கேட்கிறது என்று ஒரு நிமிடம் நின்று பாருங்கள். அங்கே நீங்கள் தரும் பதில்தான் ஆண்டறிக்கையில் ஓர் எண்ணாகிறது. அந்த எண்ணைப் பார்த்துத்தான், அடுத்த பேருந்து செபராங் ஜெயாவுக்கு வருமா என்பது முடிவாகலாம்.

விடைகள்: அ. வருகைகள் 135, நபர்கள் 110. ஆ. 80. இ. 500 + 1,250 = ஏறக்குறைய 1,750 பேர்.